பின்தங்கிய பிள்ளைக்கு முதல் வரிசை

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



நாமக்கல் மாவட்டம் என்றதும் வெளியூர்க்காரர்கள் மூன்றைச் சொல்வார்கள்: முட்டை, லாரி, பள்ளிக்கூடம். பள்ளிக்கூடம் என்று அவர்கள் குறிப்பிடுவது விடுதியோடு கூடிய தனியார் மேல்நிலைப் பள்ளிகளை. மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டு நடந்த காலத்தில், பல மாவட்டங்களிலிருந்தும் பெற்றோர் நகையை அடகு வைத்துப் பிள்ளைகளை இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். 2017 முதல் நீட் தேர்வு நடைமுறைக்கு வந்தபின் அதற்குரிய பயிற்சி வகுப்புகள் பெருகின. அந்தப் பள்ளிகளின் பேருந்துகள் போகும் அதே சாலையோரத்தில் அரசுப் பள்ளிகளும் இருக்கின்றன. அவற்றைக் குறித்து வெளியூர்க்காரர்கள் பேசுவதில்லை. உள்ளூர்க்காரர்களாகிய நாமும் அதிகம் பேசுவதில்லை.

சேந்தமங்கலம் கொல்லிமலையின் அடிவாரத்து ஊர். இவ்வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் படிப்பவர்கள் யார் என்று பார்த்தால், மலையிலிருந்து இறங்கிவந்து விடுதியில் தங்கியிருக்கும் பழங்குடிப் பிள்ளைகள், கோழிப்பண்ணைக் கூலிகளின் பிள்ளைகள், லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைத் தொழிலாளர்களின் பிள்ளைகள். அவர்களோடு நம் மஹல்லாவின் தள்ளுவண்டி வியாபாரி, தையற்காரர், ஓட்டுநர் ஆகியோரின் பிள்ளைகளும் அதே பெஞ்சில் அமர்ந்திருக்கிறார்கள்.

"மதரஸாவில் ஓதிக் கொடுக்கும் உஸ்தாத் அரசுப் பள்ளியைப் பற்றி ஏன் கவலைப்படுகிறார்?" என்று சிலர் கேட்கக்கூடும். முஸ்லிம் பிள்ளைகள் எல்லாரும் மதரஸாவில்தான் படிக்கிறார்கள் என்ற எண்ணம் நாட்டில் பரவலாக இருந்தது. 2006-இல் வெளிவந்த நீதிபதி ராஜிந்தர் சச்சார் குழுவின் அறிக்கை அதைத் திருத்தியது. முழுநேர மதரஸாவில் படிக்கும் முஸ்லிம் பிள்ளைகள் நூற்றுக்கு நான்கு பேர் அளவே என்று அது காட்டியது. எங்களைப் போன்றோர் நடத்துவது மக்தப். பள்ளிக்கூடம் போய்வந்த பிள்ளைகள் காலையிலோ மாலையிலோ ஒரு மணி நேரம் வந்து ஓதிச் செல்லும் இடம். ஆகவே நம் சமுதாயத்தின் கல்வி என்பது பெரும்பாலும் பொதுப்பள்ளியின் கல்விதான். அங்கே பிள்ளை தடுமாறினால் மக்தபில் அவன் எத்தனை ஸூரா மனனம் செய்திருந்தாலும் அந்தத் தடுமாற்றம் தீராது.

ஓதத் தெரியும், வாசிக்கத் தெரியாது

எங்கள் மக்தபில் ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் இருந்தான். யாஸீன் ஸூராவைப் பிழையில்லாமல் ஓதுவான். எழுத்துகளின் மக்ரஜ் சுத்தமாக இருக்கும். ஒருநாள் ரமளான் நேர அட்டவணையின் கீழே தமிழில் அச்சிட்டிருந்த இரண்டு வரி அறிவிப்பை வாசிக்கச் சொன்னேன். எழுத்தெழுத்தாகக் கூட்டினான். இரண்டாம் சொல்லைக் கூட்டி முடிப்பதற்குள் முதற்சொல் அவனுக்கு மறந்துவிட்டது. பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

அவன் மந்தமான பிள்ளை அல்லன். அரபு எழுத்தைப் பிடித்துக்கொண்ட அதே கண்ணும் காதும்தான் அவனுக்கு இருந்தன. நம் பகுதியில் பல வீடுகளில் உருது பேசுகிறார்கள். பிள்ளை வீட்டில் ஒரு மொழி பேசி, பள்ளியில் தமிழும் ஆங்கிலமும் கற்று, மாலையில் அரபு எழுத்தை ஓதுகிறது. அடித்தளம் நன்றாக விழுந்துவிட்டால் நான்கு மொழியும் செல்வமாகும். அடித்தளம் விழவேண்டிய வயதில் பள்ளியே மூடியிருந்தால் நான்கும் சுமையாகிவிடும். கொரோனா காலத்தில் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப்பள்ளிகள் நம் மாநிலத்தில் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறந்தன. அந்த இடைவெளியில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்தறியாமலேயே மூன்றாம் வகுப்புக்கு வந்து சேர்ந்தது.

இது ஓரிருவரின் கதையன்று. கிராமப்புறப் பிள்ளைகளின் வாசிப்பை வீடுவீடாகச் சென்று சோதிக்கும் 'அஸர்' என்னும் கணக்கெடுப்பு உண்டு. 2022-இல் அது தமிழ்நாட்டில் கண்டது இது: ஐந்தாம் வகுப்பில் படிப்பவர்களுள் இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாக வாசித்தவர் ஏறத்தாழ நான்கில் ஒருவரே. 2024-இல் நிலை சற்று உயர்ந்தது. ஆயினும் பாதியை எட்டவில்லை. வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு அறிவியலும் சமூக அறிவியலும் பூட்டிய அறைகள். அவன் எட்டாம் வகுப்பு வரை பள்ளிக்குப் போய்வருவான்; அதன்பிறகு வருவதை நிறுத்திவிடுவான். நம் மாவட்டத்தில் அவனுக்காகப் பட்டறை வாசல் திறந்தே இருக்கிறது.

மும்பைக் குடிசைப் பகுதியில் தொடங்கிய வேலை

'அஸர்' என்ற பெயரைக் கேட்டதும் நமக்குத் தொழுகை நேரம் நினைவுக்கு வரும். இது வேறு சொல். உருதுவில் 'விளைவு', 'தாக்கம்' என்று பொருள்படும் சொல் இது. அந்தக் கணக்கெடுப்பை 2005 முதல் நடத்திவருவது 'பிரதம்' என்ற தொண்டு நிறுவனம். அதன் கதையை நம் குடும்பங்கள் அறிந்துகொள்வது நல்லது.

1990-களின் நடுவில் மும்பையில் மாதவ் சவான், ஃபரீதா லாம்பே ஆகிய இருவரும் யுனிசெஃப் உதவியோடு இதைத் தொடங்கினார்கள். சவான் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். லாம்பே சமூகப்பணிக் கல்லூரியில் கற்பித்தவர். குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்குப் பாலர் வகுப்பு நடத்துவதுதான் முதல் வேலை. கட்டடம் கட்டக் காத்திருக்காமல் கிடைத்த இடத்தில் வகுப்பு நடத்தினார்கள். அந்தந்தத் தெருவில் வாழும் இளம்பெண்களே ஆசிரியர்கள்.

பிறகு மாநகராட்சிப் பள்ளிகளில் ஒன்றைக் கண்டார்கள். மூன்றாம், நான்காம் வகுப்புகளில் எழுத்தே அறியாத பிள்ளைகள் கடைசி வரிசையில் அமைதியாக அமர்ந்திருந்தார்கள். ஆசிரியர் பாடத்திட்டத்தை முடிக்க வேண்டிய அவசரத்தில் முன்வரிசையைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தார். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. நாற்பது பிள்ளைகள், நாற்பது நிலைகள், ஒரே புத்தகம் என்றால் யாரும் அப்படித்தான் செய்வார்கள். பிரதம் அதற்கு ஒரு வழி செய்தது. பள்ளிப்படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண் ஒருவர், பின்தங்கிய பதினைந்து இருபது பிள்ளைகளை மட்டும் நாள்தோறும் இரண்டு மணி நேரம் தனியே அழைத்துச் சென்று எழுத்தையும் எண்ணையும் கற்பிப்பார். அவருக்குப் 'பால்சகி' என்று பெயர். பிள்ளைகளின் தோழி என்று பொருள்.

மும்பையிலும் வடோதராவிலும் நடந்த இந்த முயற்சியை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்ளோ முதலிய பொருளியல் அறிஞர்கள் ஆராய்ந்து 2007-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பால்சகி இருந்த பள்ளிகளில் பிள்ளைகளின் தேர்ச்சி உயர்ந்தது. அதிகம் பயனடைந்தவர்கள் மிகவும் பின்தங்கியிருந்தவர்களே. அந்த இருவரும் மைக்கேல் கிரெமரோடு சேர்ந்து 2019-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றபோது, அவர்களுக்குப் புகழ் சேர்த்த ஆய்வுகளுள் இதுவும் ஒன்றாகப் பேசப்பட்டது. மாதவ் சவானுக்கு 2012-இல் கத்தர் அறக்கட்டளையின் வைஸ் கல்விப் பரிசு கிடைத்தது. இன்று ஆப்பிரிக்காவில் ஸாம்பியா அரசு வரை இந்த முறையைத் தன் பள்ளிகளில் எடுத்தாள்கிறது.

முறை மிக எளியது. முதலில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அமர்த்தி வாசிக்கச் சொல்வார்கள். எழுத்து தெரியுமா, சொல் தெரியுமா, சிறு பத்தி வருமா, கதை வருமா என்று பார்ப்பார்கள். பிறகு வயதையும் வகுப்பையும் ஒதுக்கிவைத்து, ஒரே நிலையில் இருப்பவர்களை ஒன்றாக உட்காரவைப்பார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எழுத்து நிலையில் இருந்தால் எழுத்திலிருந்தே தொடங்குவான். தேறியதும் அடுத்த குழுவுக்குப் போவான்.

இது நம் சபக் அல்லவா!

இதைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. நூற்றாண்டுகளாக நம் மக்தப்களில் நடப்பது இதுதானே! காயிதா ஓதும் பிள்ளைக்குக் காயிதா. முப்பதாம் ஜுஸ்உ ஓதுபவனுக்கு அது. ஏழு வயதுப் பிள்ளை முன்னே போயிருப்பான். பதினொரு வயதுப் பையன் அண்மையில் சேர்ந்து அலிஃப், பா ஓதிக்கொண்டிருப்பான். இருவரும் ஒரே பாயில் அமர்ந்திருப்பார்கள். ஒவ்வொருவரும் உஸ்தாதின் முன் வந்து தம் சபக்கை ஒப்பிக்க வேண்டும். ஒப்பித்தால் அடுத்த சபக். ஒப்பிக்காவிட்டால் நாளைக்கும் அதே சபக். "வயது ஆகிவிட்டது, அடுத்த ஸூராவுக்குப் போ" என்று எந்த உஸ்தாதும் சொல்வதில்லை.

எழுத்தறியாத ஐந்தாம் வகுப்பு மாணவன் அரபு ஓதக் கற்றுக்கொண்டதன் இரகசியமும் இதுதான். மக்தபில் அவன் நின்ற இடத்திலிருந்து அவனை அழைத்துச் சென்றோம். தமிழ் வாசிப்பில் அவன் நின்ற இடத்தை யாரும் கேட்கவில்லை. தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளாகப் பிரித்துக் கற்பிக்கிறார்கள். வழி தெரிந்ததுதான். அதற்குத் தேவையான நேரமும் கைகளும்தான் பள்ளியில் போதவில்லை.

மார்க்கம் யாருக்கு முன்வரிசை தருகிறது?

'அபஸ' ஸூராவின் பின்னணியை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். பெருமானார் (ஸல்) அவர்கள் குறைஷித் தலைவர்களிடம் தீனைப் பற்றி உரையாடிக்கொண்டிருந்த வேளையில், கண்பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) கற்றுக்கொள்ள வேண்டும் என்ற தாகத்தோடு வந்தார். முக்கியமானவர்களோடு பேசிக்கொண்டிருக்கையில் இடையீடு வந்ததால் நபிகளாரின் முகம் சற்றுத் திரும்பியது. நோக்கம் உயர்ந்ததே, தலைவர்கள் ஏற்றால் மக்கள் ஏற்பார்கள் என்பதே எண்ணம். ஆயினும் அல்லாஹ் வஹீ இறக்கித் தன் ஹபீபுக்கே அன்போடு உணர்த்தினான். தேவையோடு தேடி வந்தவனுக்கே கவனம் உரியது என்பதை மறுமைநாள் வரை ஓதப்படும் வசனங்களாக்கி வைத்தான். அந்தக் கண்பார்வையற்ற ஸஹாபிதான் பின்னாளில் மதீனாவின் முஅத்தின்களுள் ஒருவரானார். நபிகளார் வெளியூர் சென்றபோது அவர்களின் பிரதிநிதியாக நின்று தொழுகை நடத்தும் சிறப்பையும் பெற்றார்.

கற்பிப்பவர்கள் அனைவரும் இந்த ஸூராவை ஓதும்போது நம் வகுப்பின் கடைசி வரிசையை நினைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றும். கெட்டிக்காரப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது இன்பமானது. தேர்ச்சி விகிதம் உயரும், பெயர் வரும். தடுமாறும் பிள்ளையிடம் செலவிடும் நேரத்துக்கு அந்தப் பெயர் கிடைப்பதில்லை.

பத்ருப் போரின் வரலாறும் இங்கே நினைவுகூரத்தக்கது. கைதிகளிடம் ஈட்டுத்தொகை பெற்று விடுதலை செய்தபோது, பணமில்லாத ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்த கைதிகள், மதீனாவின் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுதக் கற்றுக்கொடுத்தால் விடுதலை என்று நிர்ணயிக்கப்பட்டதாக வரலாற்று அறிவிப்புகள் கூறுகின்றன. கற்பித்தவர்கள் அன்று ஈமான் கொண்டிருக்கவில்லை. அவர்கள் கற்றுக்கொடுத்தது அரபு எழுத்து. கருவூலத்துக்கு வரவேண்டிய பணத்தைக் காட்டிலும் பத்துப் பிள்ளைகளின் எழுத்தறிவு மேலாக மதிக்கப்பட்டது. பயனுள்ள கல்வியை யாரிடமிருந்தும் பெறலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

பரிசு யாருக்கு, உதவி யாருக்கு?

இதைச் சொல்லக் காரணம் உண்டு. நம் மாநிலத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காக உழைக்கும் அமைப்புகளுள் மக்கள் நன்கறிந்தது அகரம் அறக்கட்டளை. நடிகர் சூர்யா 2006-இல் தொடங்கியது. திரைத்துறையைக் குறித்து மார்க்க அடிப்படையில் நமக்குள்ள கருத்து வேறு. அந்த அறக்கட்டளையின் செயல்முறையிலிருந்து நாம் கற்க வேண்டியது வேறு.

அவருடைய தந்தை சிவகுமார் பெயரில் இயங்கிய கல்வி அறக்கட்டளை, பன்னிரண்டாம் வகுப்பில் உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்களுக்குப் பரிசு வழங்கிவந்தது. அகரம் 2010-இல் தொடங்கிய 'விதை' திட்டத்தில் கேள்வி மாறியது. யார் முதலாவது வந்தார் என்பதோடு நில்லாமல், எந்தச் சூழலிலிருந்து இவ்வளவு தூரம் வந்தார் என்று கேட்டார்கள். தாய் தந்தையை இழந்த பிள்ளை, கூலி வேலை செய்துகொண்டே படித்த பிள்ளை, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளை ஆகியோரின் விண்ணப்பங்களைப் பெற்று, தன்னார்வலர்கள் வீட்டுக்கே நேரில் சென்று பார்க்கிறார்கள். கல்லூரிகள் இடம் தருகின்றன. விடுதி, உணவு, வழிகாட்டல் ஆகியவற்றை அறக்கட்டளை ஏற்கிறது. மலையகக் கிராமத்துப் பிள்ளைகளும் முகாம்களில் வாழும் பிள்ளைகளும் அதன்வழியே பட்டதாரிகளாகியிருக்கிறார்கள். அவ்வாறு படித்தவர்களில் பலர் திரும்பிவந்து அடுத்த தலைமுறைக்குத் தன்னார்வலர்களாக நிற்கிறார்கள்.

நம் ஜமாஅத்துகளிலும் ஆண்டுதோறும் கல்விப் பரிசளிப்பு நடக்கிறது. முதல் மூன்று இடம் பெற்றவர்களுக்குக் கேடயம், பொன்னாடை, ரொக்கம். நல்ல வழக்கம்தான், நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் அந்த மூன்று பேரும் எப்படியும் படித்துவிடுவார்கள். மேடைக்கு எதிரே அமர்ந்து கைதட்டும் பிள்ளைகளுள் யார் அடுத்த ஆண்டு பள்ளியை விடப்போகிறான் என்பதைக் கேட்கும் வழக்கம் எத்தனை ஊர்களில் இருக்கிறது?

எங்கள் தெருவின் சிறு முயற்சி

எங்கள் மஹல்லாவின் கூட்டத்தில் இதை வைத்தபோது எதிர்ப்பு வந்தது. "அது பள்ளிக்கூடத்து வாத்தியார்களின் வேலை ஹழ்ரத், அவர்கள் சம்பளம் வாங்குகிறார்கள்" என்றார் மூத்தவர் ஒருவர். "மக்தப் நேரமே ஒரு மணிதான், அதிலும் தமிழ் சொல்லிக்கொடுத்தால் ஓதுவது குறைந்துவிடும்" என்றார் மற்றொருவர். இரண்டும் நியாயமான கேள்விகள். முதலாவதற்கு, பிள்ளை நம்முடையது என்று பதில் சொன்னேன். இரண்டாவதற்கு, ஓதும் நேரத்தில் ஒரு நிமிடமும் எடுக்காத வேறு நேரம் வேண்டும் என்று ஒப்புக்கொண்டேன்.

அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட முக்கால் மணி நேரம் கிடைத்தது. இடம், பெரியவர் ஒருவரின் வீட்டுத் திண்ணை. பள்ளிவாசலிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். திண்ணைதான் நல்லது என்று நான் வற்புறுத்தியதற்குக் காரணம், தெருவின் மற்றச் சமூகத்துப் பிள்ளைகளும் கூச்சமின்றி வரவேண்டும் என்பது. அவ்வாறே வந்தார்கள். "நம் பணத்தில் அவர்களுக்குமா?" என்று கேட்டவருக்கு அண்டை வீட்டாரின் உரிமை பற்றிய ஹதீஸ்களை நினைவூட்டினேன். ஜிப்ரீல் (அலை) வலியுறுத்திய வேகத்தைக் கண்டு, அண்டை வீட்டாருக்கு வாரிசுரிமையே வந்துவிடுமோ என்று எண்ணும் அளவுக்கு நபிகளாருக்குச் சொல்லப்பட்டதே, அந்த அண்டை வீட்டாருக்கு மதம் குறிப்பிடப்படவில்லை.

கற்பிப்பவர்கள் கல்லூரியில் படிக்கும் நம் பெண்பிள்ளைகள் இருவர். அவர்களுள் ஒருவர் 'இல்லம் தேடிக் கல்வி'யில் தன்னார்வலராக இருந்தவர். 2021 அக்டோபரில் அரசு தொடங்கிய அத்திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு, மாலை நேரங்களில் இலட்சத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், தெருப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். தமிழ்நாட்டுக் கிராமப்புறங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு, பள்ளி திறந்த பிறகு ஆறு மாதங்களில் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்றும், அந்த மீட்சியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்றும் கண்டது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளே இவ்வகுப்புகளுக்கு அதிகமாக வந்தார்கள். திண்ணை வகுப்பு என்று யாரும் இளக்காரமாகப் பேசினால் இந்த எண்களைச் சொல்லுங்கள்.

முதல் நாள் ஒவ்வொரு பிள்ளையையும் தனியே வாசிக்கச் சொல்லி, எழுத்து, சொல், பத்தி என்று மூன்று கூட்டமாக அமர்த்தினோம். ஐந்தாம் வகுப்பு மாணவன் எழுத்துக் கூட்டத்தில் தன் தங்கையின் பக்கத்தில் உட்கார முதலில் மறுத்தான். "இது உன் சபக், தேறினால் அடுத்த பாய்" என்றேன். மக்தப் வழக்கம் அவனுக்குத் தெரிந்ததால் உட்கார்ந்தான். ஆறு மாதத்தில் பத்திக் கூட்டத்துக்கு வந்தான். கடைப் பெயர்ப்பலகைகளை எல்லாம் உரக்க வாசித்துக்கொண்டு நடப்பதாக அவன் தாயார் சொன்னார். அல்ஹம்துலில்லாஹ்.

எல்லாம் இப்படி முடிந்துவிடவில்லை. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மூன்று மாதம் வந்தான். தந்தைக்கு உடல்நலம் கெட்டதும் பட்டறைக்குப் போய்விட்டான். வீட்டுக்குச் சென்று பேசினோம். வாரக்கூலியை நம்பி அடுப்பு எரியும் வீட்டில், "படிப்பு முக்கியம்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவர முடியாது. மூன்று மாதத்துக்கு அரிசியும் மளிகையும் முன்பே கொடுத்திருந்தால் அவன் நின்றிருக்கக்கூடும் என்று அவன் தாயார் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. அதன்பிறகுதான் வகுப்போடு வீட்டுநிலையையும் கேட்டறியும் பழக்கத்தை ஏற்படுத்தினோம்.

நம் குடும்பங்கள் அறிந்துவைக்க வேண்டியவை

அரசுப் பள்ளியில் படிப்பதால் கிடைக்கும் உரிமைகளைப் பல பெற்றோர் அறியவில்லை. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவக் கல்லூரிகளில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளுக்கும் 2021-இல் அது விரிவாக்கப்பட்டது. அந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. உயர்கல்விக்குச் செல்லும் அரசுப் பள்ளி மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-இலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இலும் தொடங்கப்பட்டன. எனவே ஆறாம் வகுப்பில் பிள்ளையைக் கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு மாற்ற நினைக்கும் பெற்றோர், எதைப் பெறுகிறோம், எதை இழக்கிறோம் என்று அமர்ந்து கணக்கிட வேண்டும்.

மறுபக்கம், ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான சிறுபான்மைப் பிள்ளைகளுக்கு ஒன்றிய அரசு வழங்கிவந்த கல்வி உதவித்தொகை 2022-23 முதல் நின்றுவிட்டது. ஏழை வீட்டுக்கு அந்தச் சிறு தொகை நோட்டுப் புத்தகமாகவும் செருப்பாகவும் இருந்தது. அந்த இடத்தை நம் பைத்துல்மால்கள் நிரப்ப இயலும்.

பணத்தைக் குறித்து ஒரு மஸ்அலா விளக்கம். ஹனஃபி மத்ஹபில் ஸகாத் பணம் தகுதியுள்ள ஏழையின் கைக்கு உரிமையாகச் சென்று சேர வேண்டும். ஆகவே ஏழை மாணவனின் கட்டணம், புத்தகம், வீட்டு மளிகை ஆகியவற்றுக்கு அதை அவர்கள் கையில் கொடுக்கலாம். வகுப்பு நடத்தும் செலவு, கற்பிப்பவருக்கான ஊக்கத்தொகை, விளக்கு, பாய் ஆகியவற்றை ஸதகாவிலிருந்து செய்ய வேண்டும். ஐயமிருப்பின் உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மக்தப் நடத்தும் என் சக உஸ்தாதுமார்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரம் உங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் அழைத்து நான்கு வரித் தமிழை வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். யாரையும் திட்ட வேண்டாம்; குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு பள்ளியின் தலைமையாசிரியரைச் சென்று பாருங்கள். நாங்கள் குற்றம் கண்டுபிடிக்க வரவில்லை, கைகொடுக்க வந்திருக்கிறோம் என்று சொன்னால் கதவு திறக்கும் என்பது எங்கள் அனுபவம். கல்வி உரிமைச் சட்டத்தின்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் மேலாண்மைக் குழு உண்டு. அதில் பெரும்பான்மை இடம் பெற்றோருக்கு உரியது, பாதி இடம் பெண்களுக்கு உரியது. நம் தாய்மார்கள் அந்த நாற்காலியில் அமரட்டும்.

முத்தவல்லிமார்களும் செல்வந்தர்களும் அடுத்த பரிசளிப்பு விழாவுக்குத் தொகை ஒதுக்கும்போது, அதே அளவு தொகையைப் பள்ளியை விடும் நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்கென ஒதுக்குங்கள். அவர்களை மேடையேற்ற வேண்டாம். பெயரை அறிவிக்கவும் வேண்டாம். வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியாமல் இருக்கட்டும். ஒரு பிள்ளைக்கு எழுத்தைக் கற்றுக்கொடுத்தால் அவன் வாசிக்கும் ஒவ்வொரு நாளும் அதில் உங்களுக்கும் பங்குண்டு. பயன் தரும் கல்வி மரணத்திற்குப் பின்னும் தொடரும் அமல் என்பதை நாம் அறிவோம்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்கும் எங்கள் அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்கும் பயனுள்ள கல்வியைத் தந்தருள்வாயாக. தடுமாறும் பிள்ளையிடம் பொறுமையாக இருக்கும் உள்ளத்தைக் கற்பிப்போருக்கு வழங்குவாயாக. வறுமையால் படிப்பை விட்டவர்களுக்கு மீண்டும் வழி திறப்பாயாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.